மாதக்கணக்கில் கடலில் இருக்கும்போது, பிடிக்காத சக ஊழியரை எப்படிச் சமாளித்தீர்கள்?

இந்தக் கேள்வியைப் படித்ததும் என் காதில் விழுந்தது ஒரே ஒரு குரல்: “உனக்குக் கடிதம் இல்லை.”

நான் தூத்துக்குடிக்காரன். முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் ஓடினேன், பெரும்பகுதி சுக்கான் பிடிக்கும் சுக்கானியாக. அந்தக் குரலுக்கு உரியவரும் எங்கள் ஊர்தான். 1986இல் இரும்புத்தாது ஏற்றும் கப்பல் ஒன்றில் ஒன்பது மாதம் ஒரே கேபினில் இருந்தோம். மேல் படுக்கை எனக்கு, கீழ்ப் படுக்கை அவருக்கு. ஊர்க்காரர் கிடைத்தாரே என்று முதல் நாள் மகிழ்ந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் தாது ஏற்றினால் ஜப்பான் போய்ச் சேரப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகும். வீட்டுச் செய்தி என்றால், துறைமுகத்தில் ஏஜெண்ட் கொண்டுவரும் தபால் பைதான். மற்றவர்கள் தங்கள் கடிதத்தைப் பறித்துக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்கு ஓடுவார்கள். இவர் கட்டு முழுவதையும் புரட்டி, யாருக்கு வரவில்லை என்று கண்டுபிடித்து அறிவிப்பார். அதில் அவருக்கு அப்படி ஒரு நிறைவு. சாப்பிடும்போது அடுத்தவர் தட்டில் எத்தனை துண்டு கறி என்று எண்ணுவார். எங்கள் பண்டாரி, அதாவது சமையல்காரர், மினிக்காய்த் தீவுக்காரர், பொறுமைசாலி. அவரே ஒருநாள் கரண்டியைப் போட்டுவிட்டு டெக்கில் போய் நின்றார்.

என் மனைவிக்குப் பேறுகாலம். ஜப்பானில் தபால் வந்தது, எனக்கு ஒன்றும் இல்லை. “உன் வீட்டில் உன்னை மறந்தே போய்விட்டார்கள்” என்று எல்லார் முன்னும் சொன்னார். அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

கரையில் பேச்சை நிறுத்துவது எளிது, தெருவை மாற்றிக்கொண்டு நடந்தால் போதும். கப்பலில் எங்கே போவது? என் காவல் நடுநிசி முதல் நான்கு மணி வரை. நான்கு மணிக்கு என்னை மாற்ற வருபவர் அவரே. கப்பல் போக வேண்டிய திசையை ஒருவர் டிகிரி எண்ணாகச் சொல்ல, மற்றவர் அதைத் திரும்பச் சொல்லித்தான் சுக்கானை வாங்க வேண்டும். அந்த எண்ணை மட்டும் சொல்லிக்கொள்வோம். அதைப் பேச்சு என்று இருவருமே கணக்கில் வைக்கவில்லை. இப்படியே மூன்று வாரம்.

எங்கள் சாரங், அதாவது டெக் ஆட்களின் தலைவர், ரத்னகிரிக்காரர், அறுபதை நெருங்கியவர். பஞ்சாயத்து பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது. மர்மகோவாவுக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தபோது, கப்பலின் பக்கவாட்டில் பெயிண்ட் அடிக்க எங்கள் இருவரையும் ஒரே ஸ்டேஜ் பலகையில் இறக்கினார். ஸ்டேஜைத் தெரியாதவர்களுக்கு: ஒரு நீளப் பலகை, இரண்டு முனையிலும் கயிறு, முனைக்கு ஒருவர். கீழே இறங்க வேண்டுமானால் அவரவர் கயிற்றை அவரவர் தளர்த்த வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில். ஒருவர் மட்டும் இறக்கினால் பலகை சாயும். பெயிண்ட் டப்பா முதலில் கடலுக்குப் போகும், அடுத்து ஆள்.

பலகையில் அரைமணி நேரம் வீம்பாக, அடித்த இடத்திலேயே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தோம். மேலிருந்து சாரங் எட்டிப் பார்த்து, “அந்த இடத்துக்கு இன்னும் எத்தனை கோட்?” என்றார். கடைசியில் நான்தான் “இறக்கு” என்றேன். “மெதுவாக” என்றார் அவர். மாலைக்குள் அந்த இரண்டு சொல்லையும் நாற்பது தடவையாவது சொல்லியிருப்போம். அதனால் நண்பர்களாகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். மறுநாள் மறுபடி என் கறித்துண்டை எண்ணினார்.

ஆனால் ஒன்று. ஒன்பது மாதத்தில் ஒருநாள்கூட அவர் நான்கு மணி தாண்டிக் காவலுக்கு வந்ததில்லை. மூன்று ஐம்பதுக்கே வந்து, இருட்டுக்குக் கண் பழகும்வரை ஓரமாக நிற்பார்.

அதே கப்பலில் எல்லாருக்கும் பிடித்த ஒருவர் இருந்தார். பழைய இந்திப் பாட்டுப் பாடுவார், கேட்காமலே சிகரெட் நீட்டுவார். எனக்கும் அவரைப் பிடிக்கும். மலாக்கா ஜலசந்தியில் ஒரு இரவு நான் சுக்கானில், அவர் பிரிட்ஜின், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தளத்தின், வெளிப்பக்கத்தில் கண்காணிப்பில். இரண்டு மணி இருக்கும். முன்பக்கத்தில் மங்கலாக ஒரு விளக்கு. மீன்பிடிப் படகு. முதலில் பார்த்தது செகண்ட் ஆபீசர். கத்தினார், நான் சக்கரத்தை வலப்பக்கம் முழுக்கச் சுற்றினேன். தாது நிறைந்த கப்பலை நிறுத்த ஒரு மைல்கூடப் போதாது. திரும்புவதற்கும் அது தன் இஷ்டப்படிதான் திரும்பும். படகு எங்கள் பக்கவாட்டை உரசுவதுபோலப் போனது. நம் ஆள் கைப்பிடிச் சுவரில் தலையைச் சாய்த்து நின்றபடியே தூங்கியிருந்தார்.

செகண்ட் ஆபீசர் விசாரித்தபோது, இருட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அது தவறு. பிள்ளைகுட்டிக்காரர் என்று பார்த்தேன். படகில் இருந்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும்.

மறுநாள் காலை அவர் எனக்கு முழு சிகரெட் பாக்கெட் ஒன்று தந்தார். வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு அவரோடு காவலுக்கு நின்றால் ஒரு கண் என் வேலையிலும் ஒரு கண் அவர் மேலும். கறி எண்ணுகிறவரோடு அந்தக் கவலை இல்லை.

பம்பாயில் இறங்கும்போது அவரவர் நல்லியைத் திருப்பிக் கொடுத்தார்கள். நல்லி என்றால் கடலோடியின் பணிப் புத்தகம். ஒவ்வொரு கப்பலிலும் திறமை, நடத்தை இரண்டுக்கும் கேப்டன் குறிப்பு எழுதி முத்திரை வைப்பார். “வெரி குட்” என்பதற்குக் கீழே எது விழுந்தாலும் அடுத்த கப்பல் கிடைப்பது கடினம் என்பதால், பெரும்பாலான கேப்டன்கள் அதையே வைத்துவிடுவார்கள். தூங்கியவருக்கும் அதுதான்.

ஊர்க்காரர் என் கையிலிருந்த நல்லியைச் சட்டென்று வாங்கிப் பிரித்துப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

“உனக்கும் வெரி குட்டா?”