ஸ்டுட்கார்ட் கம்பெனி உங்கள் மேல் போடும் பணம்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று. ஸ்டுட்கார்ட் பக்கம் 200 பேர் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில் டெவலப்மென்ட் இன்ஜினியர் வேலை கிடைத்திருக்கிறது. வந்ததும் 9,600 யூரோ செலவில் ஒரு படிப்புக்கு அனுப்புகிறார்கள், அதற்கான இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா? 'ஆளுக்கும் அறிவுக்கும் செலவு பண்ணுகிற கம்பெனி நாங்கள்' என்று நேர்காணலில் சொன்னதை நம்பலாமா? வீடு, குளிர், சாப்பாடு எப்படி?

கடைசியை இப்போதே முடித்துவிடுகிறேன். வீடு கிடைக்க நாளாகும், கிடைத்ததை எடுங்கள். குளிருக்கான சட்டையை இங்கே வந்து வாங்குங்கள். ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்காத சாமான் இல்லை. இதைப் பற்றியே மணிக்கணக்கில் பேச வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. அங்கே யாரும் பேசாதது உங்கள் முதல் இரண்டு கேள்விகளைத்தான்.

கம்பெனி செலவு பண்ணுவது உண்மைதான். ஆனால் இந்த ஊரில் அந்தச் செலவு ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் உண்டு, ஒவ்வொரு காகிதத்திலும் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு. நம்மவர்களுக்கு அது தெரிவதில்லை. தெரிந்தாலும் கேட்கக் கூச்சம்.

முதலில் படிப்பு ஒப்பந்தம். இடையில் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவை ர்யூக்சாலுங்ஸ்க்ளாவ்செல் என்பார்கள். எத்தனை காலம் கட்டிப்போடலாம் என்பதற்குக் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. சம்பளத்தோடு உங்களை வேலையிலிருந்து விடுவித்த நாட்களைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அது ஒரு மாதம் வரை என்றால் 6 மாதம் கட்டலாம், இரண்டு மாதம் வரை என்றால் ஒரு வருடம், மூன்று நான்கு மாதம் என்றால் இரண்டு வருடம், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை என்றால் மூன்று வருடம். உங்கள் படிப்பு மொத்தம் 20 வேலை நாள் என்கிறீர்கள். அதற்கு இரண்டு வருடம் என்பது மிக அதிகம். படிப்பு விலை உயர்ந்தது, வெளியிலும் நல்ல மதிப்பு என்றால் கொஞ்சம் நீட்ட இடமுண்டு. அதை நிரூபிப்பது அவர்கள் பாடு.

வேடிக்கை என்னவென்றால், பிரிவு தப்பாக எழுதப்பட்டிருந்தால் நீதிமன்றம் அதைச் சரியான அளவுக்கு வெட்டிக் கொடுக்காது; முழுதாகவே விழுந்துவிடும். 'ஊழியர் தானாக விலகினால் திருப்பித் தர வேண்டும்' என்று மொட்டையாக எழுதியிருந்தாலும் அதே கதிதான். கம்பெனி சம்பளம் தராமல் இழுத்தடித்து நீங்கள் விலகலாம். உடம்பு முடியாமல் அந்த வேலையையே இனிப் பார்க்க முடியாமல் போகலாம். அவற்றையெல்லாம் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். உடல்நிலைக் காரணத்தை 2022 மார்ச்சில் வந்த ஒரு தீர்ப்பு தெளிவாகவே சொன்னது. தொகை மாதாமாதம் குறைய வேண்டும்: 24 மாதம் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 400 யூரோ கழிய வேண்டும், 15 மாதம் கழித்துக் கிளம்பினால் மிச்சம் 3,600. கட்டணம் எவ்வளவு, பயணம் எவ்வளவு, அந்த நாட்களின் சம்பளமும் சேர்த்தியா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அவர்களுடைய சொந்த மென்பொருளையோ மிஷினையோ பழக்கிவிடுவதற்குப் பெயர் படிப்பு அல்ல. அதற்குப் பணம் திருப்பிக் கேட்க முடியாது.

பிரிவு செல்லாது என்று தெரிந்தால் சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிடலாமே என்று சில கெட்டிக்காரர்கள் சொல்லுவார்கள். பின்னால் கம்பெனிக்காரர்கள் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, வழக்குப் போட்டு வாங்கிக்கொள் என்பார்கள். அந்த நேரத்தில் விசா, வீட்டு வாடகை எல்லாம் கழுத்தை நெரிக்கும். முன்னாடியே திருத்தச் சொல்லுங்கள். இந்த ஊரில் ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை.

அடுத்தது, எனக்கு இதைவிட ஆத்திரம் வருகிற சமாச்சாரம்: கண்டுபிடிப்பு. சுயவிவரத்தில் 'என் பேரில் ஏழு பேட்டன்ட்' என்று போட்டுக்கொள்கிற நம் ஆட்களிடம், அதற்கு எவ்வளவு வந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். ஜெர்மனியில் 1957லிருந்தே ஊழியர் கண்டுபிடிப்புச் சட்டம் இருக்கிறது. கம்பெனி உங்கள் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டால் சம்பளத்துக்கு மேல் தனியாகப் பணம் தர வேண்டும். 'எல்லாம் சம்பளத்தில் அடங்கும்' என்று வேலை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கினாலும் செல்லாது.

ஆரம்பம் எர்ஃபின்டுங்ஸ்மெல்டுங் என்கிற அறிவிப்பு. காபி மிஷின் பக்கத்தில் சொன்னது கணக்கில் வராது. மீட்டிங்கில் காட்டிய ஸ்லைடை நம்பியும் உட்கார்ந்திருக்காதீர்கள். தனியாக, இது கண்டுபிடிப்பு அறிவிப்பு என்று தெரிகிற மாதிரி எழுத வேண்டும்; மின்னஞ்சல் போதும். பிரச்சினை என்ன, தீர்வு என்ன, எப்படி அந்த இடத்துக்கு வந்தீர்கள், கம்பெனி என்ன உத்தரவு கொடுத்தது, கூட யார், அவர்கள் பங்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் வர வேண்டும். கிடைத்தது என்று அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். குறை இருந்தால் இரண்டு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். நான்கு மாதத்துக்குள் 'எங்களுக்கு வேண்டாம்' என்று விடுவிக்காவிட்டால் அது கம்பெனியுடையதாகிவிடும். அந்த நாளிலிருந்து உங்கள் பங்குக்கும் உரிமை உண்டு.

தொகை எப்படி வருகிறது என்றால், 1959ல் வந்த வழிகாட்டு விதிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விற்பனை × உரிம விகிதம் (வெளியாள் ஒருவர் அந்தக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தினால் விற்பனையில் தர வேண்டிய சதவீதம்) × உங்கள் பங்குக் காரணி. உதாரணமாக உங்கள் கண்டுபிடிப்பு உள்ள உதிரிபாகம் 10 லட்சம் யூரோவுக்கு விற்றது, உரிம விகிதம் 2 சதவீதம் என்றால் 20,000. காரணிக்கு மூன்று தலைப்பில் புள்ளி போடுவார்கள்: பிரச்சினையை யார் கொடுத்தது, தீர்வு எப்படி வந்தது, கம்பெனியில் உங்கள் நிலை என்ன. வழியைச் சொல்லாமல் வேலையை மட்டும் கம்பெனி கொடுத்திருந்தால் 2. தொழில் அறிவு, கம்பெனி அனுபவம், கம்பெனிக் கருவி எல்லாவற்றையும் வைத்துத் தீர்த்திருந்தால் 1. டெவலப்மென்ட் இன்ஜினியருக்கு நிலைப்புள்ளி 4. கூட்டினால் 7, அதற்கு அட்டவணையில் 13 சதவீதம். ஆக 2,600 யூரோ, இரண்டு பேர் சமமாகச் செய்திருந்தால் தலைக்கு 1,300.

யாரும் ஏவாமல் நீங்களே குறையைக் கவனித்து வேலையை ஆரம்பித்திருந்தால் முதல் புள்ளி ஏறும். கூட்டுத்தொகை 8 ஆனால் 15 சதவீதம், 9 ஆனால் 18. அதனால் அறிவிப்பில் பவ்யமாக 'மேலாளர் வழிகாட்டுதலின்படி' என்று எழுதாதீர்கள். ஊரில் அது பணிவு. இங்கே அது காசைக் குறைக்கிற வாசகம். உடன் கண்டுபிடித்தவர் பட்டியலில் மேலாளர் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பதும் அப்படித்தான்.

பெரும்பாலும் மொத்தமாக ஒரு சிறு தொகை கொடுத்து உரிமைகளை வாங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். அறிவிப்பு கொடுத்த பிறகு அப்படி ஒப்புக்கொள்ளலாம், தப்பில்லை. பொருள் ஓடாவிட்டால் அது உங்களுக்கு லாபம். பெரிதாக ஓடப்போகிற பொருள் என்று தெரிந்தால் யோசியுங்கள். தகராறு வந்தால் ம்யூனிக்கில் பேட்டன்ட் அலுவலகத்திலேயே ஒரு சமரச அமைப்பு இருக்கிறது, அதற்குக் கட்டணம் கிடையாது. ஒன்று மறந்துவிடாதீர்கள்: விண்ணப்பம் போகும் முன் கண்காட்சியிலோ லிங்க்ட்இன்னிலோ படம் போட்டால் ஐரோப்பியப் பேட்டன்ட்டே போச்சு.

மூன்றாவது காகிதம், மணிக்கணக்குத் தாள். இந்தந்த நாளில் இந்த ஆராய்ச்சியில் இத்தனை மணி என்று நிரப்பச் சொல்வார்கள். வேவு பார்க்கிறார்கள் என்று சில பேர் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். விஷயம் வேறு. 2020லிருந்து ஃபோர்ஷுங்ஸ்ட்சூலாகெ என்று ஆராய்ச்சிச் சம்பளத்தில் 25 சதவீதத்தை வரித்துறை திருப்பித் தருகிறது. 2024 மார்ச்சிலிருந்து சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கு 35 சதவீதம் வரை. உங்களால் கம்பெனிக்கு வருடச் செலவு 90,000 என்று வையுங்கள். 60 சதவீத நேரம் அங்கீகாரம் பெற்ற திட்டத்தில் போனால் 54,000, அதில் 35 சதவீதம் 18,900 யூரோ. உங்கள் தாள் இல்லாமல் அது வராது. அதனால் ஒழுங்காக நிரப்புங்கள், விடுப்பையும் வாடிக்கையாளர் புகார் பார்த்த நேரத்தையும் அதில் கலக்காதீர்கள். சம்பள உயர்வு பேசும்போது இந்தத் தொகையை மனதில் வையுங்கள். ஸ்டுட்கார்ட் இருக்கிற பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 12 மாதம் முடிந்தபின் வருடத்துக்கு 5 நாள் சம்பளத்தோடு படிப்பு விடுப்பும் உண்டு, அதைக் கேட்பவர்கள் சொற்பம். பக்கத்து பவேரியாவில் அது கிடையாது.

இப்போது வருகிறவர்களுக்கு இதெல்லாம் கேட்கவாவது இடம் இருக்கிறது. 2000 ஆகஸ்டில் ஜெர்மனி 'கிரீன் கார்டு' என்ற வேலை அனுமதியை ஆரம்பித்தபோது வந்தவர்களுக்கு அதிகபட்சம் 5 வருடம், கம்ப்யூட்டர் ஆட்களுக்கு மட்டும்; பட்டம் இல்லாவிட்டால் 1,00,000 மார்க் சம்பளம் காட்ட வேண்டும். அதே வருடம் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத் தேர்தலில் 'இந்தியர் வேண்டாம், நம் பிள்ளைகளைப் படிக்க வைப்போம்' என்கிற தொனியில் பிரசாரமே நடந்தது. ஐந்து வருடத்தில் மூட்டை கட்டப்போகிறவனுக்கு எந்தக் கம்பெனி மொழி வகுப்புக்குப் பணம் கட்டும்? கட்டவில்லை. இரவு வகுப்புக்குச் சொந்தக் காசில் போனவர்கள்தான் இன்றைக்கு இங்கே குழுத்தலைவர்களாக இருக்கிறார்கள். ஆபீஸில் ஆங்கிலமே போதும் என்று இருந்தவர்கள் பத்து வருடமாகியும் காண்டீனில் தனி மேஜையில் உட்கார்ந்து, இந்த ஊர்க்காரர்கள் ஒட்டமாட்டார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறார்கள்.

உங்கள் ப்ளூ கார்டுக்கு (பட்டதாரிகளுக்கான வேலை விசா) பி1 ஜெர்மன், அதாவது நடுத்தர அளவு மொழித் தேர்ச்சி, இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை, ஆரம்பநிலையான ஏ1 மட்டும் என்றால் 27. அதனால் இந்த 9,600 யூரோ படிப்போடு வேலை நேரத்திலேயே ஜெர்மன் வகுப்பையும் கேளுங்கள். முதல் 12 மாதத்துக்குள் கம்பெனி மாற்றினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 30 நாள் வரை நிறுத்தி வைத்துப் பரிசீலிக்கலாம்.

கையெழுத்துக்கு முன் மனிதவளத் துறைக்கு இப்படி எழுதுங்கள்: "படிப்புக்காக விடுவிக்கப்படும் நாட்கள் 20 என்பதால் கட்டுப்பாட்டுக் காலத்தை 6 மாதமாக மாற்றித் தரவும். என் தவறின்றி வேலை முடிந்தாலோ, கம்பெனி தரப்புக் காரணத்தால் நான் விலகினாலோ, உடல்நிலையால் வேலையைத் தொடர முடியாவிட்டாலோ திருப்பித் தர வேண்டியதில்லை என்று சேர்க்கவும்." பதில் வந்ததும், பெயரையும் தொகையையும் மறைத்துவிட்டு அந்தப் பத்தியை மட்டும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.