சுருதி சேர்ந்ததா என்று காதுக்கு எப்படித் தெரியும்? கேள்வி பதில்

உச்சிப்புளியில் ஆர்மோனியம் பழுது பார்க்கிறேன். வீட்டிலிருந்தபடி இலவச மென்பொருளை வைத்துக் காதைப் பழக்குவது பற்றிக் கேட்டவர்களுக்கு, அவரவர் ஊர்ப் பெயரைப் போட்டு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

பாம்பன்: அண்ணே, பாட்டு வகுப்புக்கு வாரம் ஒருநாள்தான் போக முடிகிறது. ‘சுருதி விலகுது, கேளு’ என்கிறார் வாத்தியார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய மடிக்கணினி இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்க?

தம்பி, ஆடாசிட்டி போதும். ஒலியைப் பதிந்து திருத்துகிற கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. ‘ஜெனரேட்’ பட்டியலில் ‘டோன்’ இருக்கும். அலை வடிவம் ‘சைன்’, அதிர்வெண் 240, நேரம் 30 வினாடி. ஒலி அளவை 0.3 வை, முதலில் இருக்கும் 0.8-ஐ அப்படியே விட்டால் இரண்டு ஒலி சேரும்போது கிழியும். இதுதான் உன் சட்ஜம் (ச). அடுத்த டிராக்கில் 241 போட்டு இரண்டையும் சேர்த்து ஓட்டு. கட்டிப்போட்ட வல்லம் அலைக்கு ஏறி இறங்குகிற மாதிரி, வினாடிக்கு ஒரு தடவை ஒலி பொங்கித் தணியும். பள்ளியில் விம்மல் என்று படித்தாயே, அதுதான் இது. 241-ஐ 240.5 ஆக்கினால் இரண்டு வினாடிக்கு ஒரு விம்மல். 240 ஆக்கினால் நின்றுவிடும். அது நிற்கிற இடத்தைத்தான் காது பிடிக்க வேண்டும். நான் ஆர்மோனியத்தில் செய்வதும் இதே வேலைதான். உள்ளே அதிர்கிற ரீடு என்ற உலோக நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். விம்மல் அடங்குகிற வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவேன்.

அப்புறம் ‘சைன்’ வேண்டாம், ‘சாடூத்’ போடு. அதில் மேற்சுரங்கள் (மூல ஒலியோடு சேர்ந்து மேலே கேட்கிற ஒலிகள்) இருப்பதால் பஞ்சமம் (ப), காந்தாரம் (க) எல்லாம் சேர்வதும் விலகுவதும் கேட்கும். 240, 270, 300, 320, 360, 400, 450, 480. இந்த எட்டும் வரிசையாகச் சங்கராபரண ராகத்தின் ச, ரி, க, ம, ப, த, நி, மேல் ச. சட்ஜத்தை மட்டும் ஓடவிட்டு, முதலில் பஞ்சமத்தை நீயே பாடு. பாடிய பிறகு 360-ஐ ஒலிக்கவிட்டுச் சரிபார். கேட்டுவிட்டுப் பாடினால் காது வளராது, ஒலியைக் கேட்டு அப்படியே ஒப்பிக்கிற பழக்கம்தான் வரும். தினம் 15 நிமிடம் போதும்.

மண்டபம்: கணினி இல்லை, போன்தான். எந்த ஆப் நல்லது?

இலவசத் தம்புரா செயலி ஒன்று, போனிலேயே இருக்கும் ஒலிப்பதிவு ஒன்று, இரண்டும் போதும். பாடிப் பதிவு செய்து கேளுங்கள். முள் காட்டும் டியூனரைப் பார்த்துக்கொண்டு பாடாதீர்கள். கண் வேலை செய்தால் காது தூங்கிவிடும். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கிற தம்புரா செயலியை உடனே நீக்கிவிடுங்கள்.

சாயல்குடி: குனு சோல்ஃபேஜ் என்கிற காதுப் பயிற்சி மென்பொருள் எப்படி?

மேற்கத்திய சுர இடைவெளி, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), தாளம் எல்லாவற்றுக்கும் நல்ல பயிற்சி. நம் பாடத்தை நாமே எழுதியும் சேர்க்கலாம். ஆனால் அதில் வருவது கீபோர்டு சுரம்.

தங்கச்சிமடம்: அண்ணே, அப்படியானால் கீபோர்டு சுரம் தப்பா? எங்கள் கோயிலில் பாடகர் குழுவான கொயரே அதை வைத்துத்தான் பாடுகிறது.

தப்பு என்று சொல்லவில்லை. எந்தக் கட்டையில் ஆரம்பித்தாலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்று 12 சுரங்களையும் சம தூரத்தில் வைத்திருக்கிறார்கள். அதனால் 240 சட்ஜத்துக்குக் காந்தாரம் 300-க்குப் பதில் 302.4-இல் விழுகிறது. ‘சாடூத்’தில் 240-உடன் அதைச் சேர்த்து ஓட்டுங்கள், வினாடிக்குப் பத்துத் தடவைபோல நடுங்கும். 300 போட்டால் அடங்கிவிடும். பஞ்சமத்தில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. கொயரைக் கீபோர்டு இல்லாமல் ஒரு வரி இழுத்துப் பாடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

தேவிபட்டினம்: நாங்கள் நாகஸ்வரக் குடும்பம். 300, 302 என்று காந்தாரத்தை ஆணி அடித்து நிறுத்துகிறீர்களே, தோடி ராகத்தில் காந்தாரம் எங்கே நிற்கிறது?

ஐயா, உங்கள் பேச்சை மறுக்க எனக்கு வாயில்லை. தோடிக் காந்தாரம் அசைந்தால்தான் தோடி. நான் சொன்ன 300 அது இல்லை. சங்கராபரணத்தில் வருகிற அந்தர காந்தாரம், அதுவும் அசையாமல் நிற்கும்போது. அது என் கணக்கும் இல்லை. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் மந்தர (கீழ்) சட்ஜத்தை மட்டும் மீட்டினால் அந்தர காந்தாரம் தானாக மேலே கேட்கும். அதே இடம்தான் இது.

தங்கச்சிமடம்: அசைகிற சுரத்துக்கு, அதாவது கமகத்துக்கு, மென்பொருள் உதவாது என்றால் பாதிப் பாட்டு போச்சே?

போச்சுதான். சோனிக் விஷுவலைசர் என்று ஓர் இலவச மென்பொருள் பாடியதைக் கோடாக வரைந்து காட்டும், கமகம் வளைவது தெரியும். ஆனால் படம் பார்த்துக் கமகம் வந்து நான் கண்டதில்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீநிவாஸ ஐயங்காரிடம் கற்றது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான். மென்பொருள் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் உறுதியாக்கட்டும். தோடிக்குத் தேவிபட்டினத்து ஐயா மாதிரி ஒருவரிடம் போய்த்தான் ஆகவேண்டும்.

ஏர்வாடி: எந்த ஆப் போடலாம்?

மண்டபத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

தொண்டி: 30 வருஷம் விசைப்படகு இன்ஜின் பக்கத்தில் வேலை. இப்போது பஜனை பாட ஆசை. சுருதி மங்கலாகக் கேட்கிறது, சத்தத்தைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள் அண்ணே. இன்ஜின் இரைச்சல் முதலில் கெடுப்பது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள கூர்மையான ஒலிகளை. அதனால் சட்ஜம் கேட்கும், அதன் துல்லியம் மங்கும். போன செவிப்புலன் திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். முதலில் அரசு மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். பயிற்சி அதற்குப் பிறகு, இயர்போன் இல்லாமல், உங்கள் குரலைவிடச் சின்னதாகச் சுருதி வைத்து.

உச்சிப்புளி: நல்ல இலவச ஆப் ஒன்று சொல்லுங்கள்.

மூன்றாவது தடவை கேட்கிறார்கள். மேலே இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள். எந்த ஆப் போட்டாலும் முதலில் பாடுங்கள், பிறகு கேளுங்கள்.

கீழக்கரை: மகளுக்கு 9 வயது. வீட்டில் பாடும்போது மட்டும் சுருதி கொஞ்சம் விலகுகிறது, வகுப்பில் சரியாக இருக்கிறாள். ஏன்?

அக்கா, எந்த அறையில் பாடுகிறாள்? ஃபிரிட்ஜோ இன்வெர்ட்டரோ பக்கத்தில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸில் முனகிக்கொண்டே இருக்கும். குழந்தை தெரியாமலே அதோடு சேரப் பார்க்கலாம். இன்று சாயங்காலம் வேறு அறையில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.