எக்ஸ் எழுத்தை எப்படித்தான் படிப்பது? கேள்வி பதில்

மெக்சிகோக்காரர்கள் தங்கள் நாட்டை ‘மெஹிகோ’ என்கிறார்களே சார், நடுவில் இருந்த எக்ஸ் எங்கே போனது?

எழுத்து அங்கேயேதான் இருக்கிறது, ஒலிதான் மாறிவிட்டது. ஸ்பானியர்கள் அங்கே போய் இறங்கிய காலத்தில் அவர்கள் மொழியில் எக்ஸ் என்றால் ‘ஷ’. நாவாட்டில் மொழி பேசிய மெஷிகா மக்களின் பெயரைக் காதில் விழுந்தபடியே எக்ஸ் போட்டு எழுதிக்கொண்டார்கள். அதன்பிறகு ஸ்பானிய மொழியிலேயே அந்த ‘ஷ’ பின்னால் நகர்ந்து தொண்டைப் பக்கம் போய்விட்டது. காறுவதற்கு முன் ஓர் உரசல் வருமே, அதை லேசாகச் செய்து பாருங்கள், அதுதான். 1815இல் ஸ்பானிய அகாதெமி ‘இந்த ஒலிக்கு இனி எக்ஸ் வேண்டாம், ஜே போடுங்கள்’ என்று விதி போட்டது. மெக்சிகோக்காரர்கள் தங்கள் பெயரில் மட்டும் எக்ஸை விட்டுக்கொடுக்கவில்லை.

அப்படியானால் சேவியர்? எங்கள் ஊரில் சவேரியார் என்கிறோம். எது சரி?

கோட்டாறு பக்கமோ? உங்கள் ஊர் உச்சரிப்புக்கே என் ஓட்டு. பிரான்சிஸ் சேவியர் 1506இல் நவார் நாட்டில் (இன்றைய வட ஸ்பெயின்) பிறந்தவர். 1542இல் கோவாவுக்கு வந்தது போர்த்துகீசியர் தயவில். போர்த்துகீசியத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் எக்ஸ் இன்றைக்கும் ‘ஷ’தான். அந்த ‘ஷவியேர்’ நம் வாயில் மரியாதை விகுதியோடு சவேரியார் ஆனது. ‘சேவியர்’ ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது.

கால்பந்து வீரர் சாவி?

அவர் ஸ்பெயினில் காட்டலான் மொழி பேசும் பகுதிக்காரர். ‘ஷாவி’ என்றாலும் ‘ச்சாவி’ என்றாலும் சரி. மாட்ரிட்டில் அதே பெயரை ஜே போட்டு எழுதி ‘ஹவி’ என்பார்கள்.

சீன அதிபர் பெயர் ‘ஜி’யா, ‘ஷி’யா அண்ணே?

‘ஷி’. 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் என்ற, சீனச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறையில் இந்த ஒலிக்கு எக்ஸை ஒதுக்கினார்கள். நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ‘ஷி’ சொல்லுங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். 2014இல் நம் நாட்டுச் செய்தி வாசிப்பாளர் ஒருவர் அதை ரோமன் எண்ணாக நினைத்து ‘லெவன் ஜின்பிங்’ என்று வாசித்து, வேலையையே இழந்தார். பாவம்.

ஜெராக்ஸ் கடையில் முதல் எக்ஸுக்கு ஒரு ஒலி, கடைசி எக்ஸுக்கு வேறு ஒலி. ஏன்?

கிரேக்க வேர்ச்சொல் ‘க்ஸ’ என்றே தொடங்கும். சொல்லின் தொடக்கத்தில் ‘க்ஸ்’ ஆங்கிலேயர் நாக்குக்கு வராது, அதனால் ஸகரத்தை அதிரவைத்துச் சமாளித்தார்கள். அந்த அதிர்வு தமிழில் இல்லை. நாம் ‘ஜ’ போட்டுப் பலகை மாட்டிவிட்டோம். கடைசி எக்ஸ் யாருக்கும் தொல்லை தரவில்லை.