‘லா அண்ட் ஆர்டர்’ என்ற அமெரிக்கக் குற்றத் தொடரில் துப்பறிவாளராக வந்த ஜெர்ரி ஓர்பாக் உண்மையிலேயே பாடகரா?

ஆமாம், அதுவும் சாதாரணப் பாடகர் இல்லை. தொலைக்காட்சியில் லென்னி பிரிஸ்கோ என்ற அந்தத் துப்பறிவாளராக மட்டும் பார்த்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதற்கு முன்பே கிட்டத்தட்ட முப்பது வருடங்கள் அவர் நியூயார்க்கின் இசை நாடக மேடைகளில் பாடி நடித்தவர். 1960இல் ‘தி ஃபேன்டாஸ்டிக்ஸ்’ இசை நாடகம் தொடங்கியபோது எல் காயோ பாத்திரத்தை முதலில் நடித்தவர் அவர்தான். ‘பிராமிசஸ், பிராமிசஸ்’ நாடகத்துக்காக 1969இல் டோனி விருது, அதாவது அமெரிக்க நாடக உலகின் பெரிய விருது, வாங்கினார். அப்புறம் 1975இல் ‘சிகாகோ’வின் வக்கீல் பில்லி ஃப்ளின், 1980இல் ‘42ஆம் தெரு’வின் இயக்குநர் பாத்திரம். இரண்டையும் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் முதலில் நடித்தவர் இவரே.

1992 முதல் 2004 வரை பிரிஸ்கோ. ஒரு பிணத்தைப் பார்த்துவிட்டு அவர் சொல்லும் அந்த ஒற்றை வரி சரியான நொடியில் வந்து விழும் பாருங்கள், தினமும் ரசிகர்கள் முன்னால் பாடி, அவர்கள் சிரிப்புக்கு இடம்விட்டுப் பேசிப் பழகியவருக்குத்தான் அது வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குரலைக் கேட்க வேண்டுமா? டிஸ்னியின் 1991 ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்தில் பாடும் அந்த மெழுகுவர்த்தித் தாங்கி லூமியேர் இவர்தான்! 2004 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார், கண்களைத் தானம் செய்திருந்தார்.