இலை மிதக்கணும், நரம்பு தெரியக்கூடாது!

கேள்வி: மகளைச் சுற்றிப் பாதாம் இலைகள் மிதப்பதுபோல மொட்டை மாடியில் படம் எடுக்கிறேன். கம்ப்யூட்டரில் எதையும் அழிக்கக்கூடாது என்பது முடிவு. தூண்டில் நரம்பில்தான் கட்டுகிறேன், ஆனாலும் கோடு கோடாகத் தெரிகிறது. இன்னும் மெல்லிசாக வாங்கணுமா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம், 0.20 மி.மீ. போதும். காட்டிக்கொடுப்பது தடிமன் அல்ல, மினுக்கம். 50 மி.மீ. லென்ஸில் 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த நரம்பு சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் பரப்பில்) சுமார் 0.0034 மி.மீ. அகலத்துக்குத்தான் விழும். 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் கேமராவில் ஒரு பிக்சலே, அதாவது படத்தின் ஒரு புள்ளியே, 0.006 மி.மீ. இருக்கும்; நரம்பு அதில் பாதியைத்தான் மறைக்கும். ஆனால் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வெயில் பட்டால் நரம்பு பளிச்சென்று மின்னி, அந்தப் பிக்சலையே வெள்ளையாக்கிவிடும்.

400 நம்பர் உப்புத்தாளை மடித்து, நடுவில் நரம்பை வைத்து இரண்டு தடவை உருவுங்கள். பளபளப்பு போய்விடும். வலு கொஞ்சம் குறையும், இலையின் எடைக்கு அது பொருட்டே இல்லை. சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பின்னணிக்கு ஒரே நிறத்தில் இருண்ட சுவர் ஆகவே ஆகாது. காரை பெயர்ந்த சுவரோ அடர்ந்த கொடியோ நரம்பை விழுங்கிவிடும்.

ஒற்றை முடிச்சில் தொங்கும் இலை சுழலும். விளிம்பு கேமராவைப் பார்த்த நொடியில் இலை வெறும் கீற்றாகிவிடும். அதனால் இலையின் நடு நரம்புக்கு இருபுறமும் ஊசியால் துளையிட்டு, இரண்டு இழையாக மேலே போகவிட்டு, மேலே குறுக்காக வைத்த மூங்கிலில் ஒரு சாண் இடைவெளியில் கட்டுங்கள். இலையின் பின்பக்கம், அடிப்பகுதியில் பட்டாணி அளவு களிமண் ஒட்டினால் படபடப்பு அடங்கும். முடிச்சைத் தண்ணீர் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் நலிந்து, பாதியில் அறுந்து விழும்.

உதிர்ந்த சிவப்பு இலையையே எடுங்கள். பச்சை இலை வெயிலில் துவண்டுவிடும். கடற்காற்று வலுக்குமுன், காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் குறைய வேண்டாம்.

1948இல் ஓவியர் சால்வடோர் டாலியை வைத்துப் புகைப்படக்காரர் ஃபிலிப் ஹால்ஸ்மன் எடுத்த, பொருள்கள் அந்தரத்தில் மிதக்கும் புகழ்பெற்ற படத்தில்கூடப் பொருள்களைத் தாங்கிய கம்பிகளைப் பிறகு அழித்துத்தான் வெளியிட்டார்கள். நீங்கள் செய்ய நினைப்பது அதைவிடக் கடினம். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எடிட்டிங் இல்லாமல் ஒரே ஆளை ஒரே படத்தில் இரண்டு இடத்தில் காட்ட முடியுமா?
- வாசகர், கூத்தப்பாக்கம், கடலூர்

பதில்: தாராளமாக. இருட்டு அறை, டிரைபாட், கையில் தனி ஃபிளாஷ் வேண்டும். பின்னால் கறுப்பு வெல்வெட் துணி கட்டி, ஆளை அதிலிருந்து 2 மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். விளக்கு எரியும்போதே ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை) 8, ஷட்டர் 30 விநாடி. விளக்கை அணைத்து ஷட்டரைத் திறந்ததும் பக்கவாட்டிலிருந்து ஒரு ஃபிளாஷ். ஆள் இருட்டில் நகர்ந்து அடுத்த இடத்தில் நின்றதும் இன்னொன்று.

உருவம் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிந்தால் குற்றம் துணியில்தான். காட்டன் கறுப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அது முதல் உருவத்தின் மேல் பதிந்துவிடும். ஸ்விட்ச் பாக்ஸின் சிவப்புப் பொட்டு விளக்கையும் டேப் ஒட்டி மறையுங்கள்.

கேள்வி: புதுச்சேரி ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரோரம் எடுத்தால் பாதி முகம் மஞ்சளாகிறது. ஒயிட் பேலன்ஸ் (படம் முழுவதன் நிறச்சாயலைச் சரிக்கட்டும் அமைப்பு) மாற்றியும் சரியாகவில்லை.
- வாசகி, லாஸ்பேட்டை

பதில்: ஆகாது. சுவரில் பட்டுத் திரும்பும் மஞ்சள் வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியில்தான் விழுகிறது. மஞ்சளைச் சரிக்கட்டினால் மறுபாதி முகம் நீலம் பாரிக்கும். முகத்துக்கும் சுவருக்கும் நடுவில், ஃபிரேமுக்கு வெளியே, வெள்ளை வேட்டி ஒன்றை நாலாக மடித்து ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒற்றையாகப் பிடித்தால் மஞ்சள் ஊடுருவும்.