மணி கேட்ட ஓசை

கேள்வி: என் அப்பா தொண்டிப் பக்கம் நாட்டுப்படகில் மீன் பிடித்தவர். அவருடைய படகு கரை சேர அரை மணி நேரம் இருக்கும்போதே எங்கள் நாய் மணி திண்ணையிலிருந்து எழுந்து கடற்கரைக்கு ஓடிவிடும். அப்பாவும் ஓங்கில்களோடு (டால்பின்களோடு) மனத்தாலேயே பேசி மீன் இருக்கும் இடத்தை அறிவார் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் வீட்டிலேயே மாரடைப்பில் இறந்துவிட்டார். மணி பத்து நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. விலங்குகளோடு மனத்தால் பேசுவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒருவருக்கு அதன் புகைப்படத்தையும் 2,000 ரூபாயையும் அனுப்பினோம். “அப்பா அலைகளுக்கு நடுவே நிம்மதியாக இருக்கிறார் என்று மணி சொல்கிறது” என்றார். அம்மா அன்றுதான் தூங்கினார். அடுத்த அமர்வுக்கு 5,000 கேட்கிறார். சுனாமியையே முன்கூட்டி அறிந்த விலங்குகளுக்கு இது முடியாதா? நம்புவதில் என்ன தவறு?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: ஐயாயிரத்தை அனுப்பாதீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அனுப்பிவிடப் போகிறீர்களே என்ற பதற்றத்தில் இதே வரியைத் தனிக் கடிதமாகவும் எழுதிவிட்டேன்.

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த அந்த உரையாடலை மூன்று முறை படித்தேன். அந்த மனிதர் முதலில் எழுதுகிறார்: “மணியின் மனத்தில் ஒரு பெரிய இழப்பு தெரிகிறது.” சாப்பிடாத நாயின் படத்தை அனுப்பிப் பணமும் கட்டுகிறவர்கள் வீட்டில் இழப்பு இல்லாமல் வேறென்ன இருக்கும்? உங்கள் அம்மா உடனே, “ஆமாம் ஐயா, அவர் போய்விட்டார்” என்கிறார். அடுத்து அவர், “தண்ணீர் தெரிகிறது. உங்களுக்குப் பொருள் புரிகிறதா?” என்று கேட்கிறார். நீங்கள் அனுப்பிய படத்தில் மணிக்குப் பின்னால் வலைக்குவியலும் படகின் முகப்பும் இருக்கின்றன. அம்மா, “அவர் கடலே கதி என்று கிடந்தவர்” என்று பதில் எழுதுகிறார். ஆறு நிமிடம் கழித்து வருகிறது அந்த ‘அலைகளுக்கு நடுவே’.

உங்கள் அப்பா இறந்தது கட்டிலில். அன்று இரவு முழுவதும் மணி அந்தக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மணி ஏதாவது சொல்வதாக இருந்தால் அந்தக் கட்டிலைப் பற்றி அல்லவா சொல்லியிருக்கும்? கட்டில் படத்தில் இல்லை. ஆகவே அவர் சொன்னதிலும் இல்லை. அவர் படித்தது மணியின் மனத்தை அல்ல. உங்கள் அம்மாவின் பதில்களை.

மணி கரைக்கு ஓடியது பொய் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கரை கண்ணுக்குத் தெரிந்ததும் அப்பா போன் செய்வார்; அம்மா கூடையைக் கவிழ்த்து, ஒட்டியிருக்கும் செதில்களை வாசற்படியில் தட்டி உதிர்ப்பார். அந்தத் தட்டல் போதாதா ஒரு நாய்க்கு? பிற்பகலில் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசுகிறது. அது படகின் இயந்திர ஓசையையும் கொண்டுவரும், வலையின் வாடையையும் கொண்டுவரும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி இருமல் உண்டு. நம் ஊர் பஸ்ஸின் சத்தத்தை நாமே தெருமுனைக்கு முன்பே கண்டுபிடிக்கிறோம். படகு வராத நாளில் மணி ஓடிப்போய் வெறுமனே திரும்பியதுண்டா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட நாட்களை நாம் எவருமே நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இதே கேள்வியை இங்கிலாந்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜேட்டீ என்ற நாய், எஜமானி வீட்டுக்குத் திரும்பக் கிளம்பும் நொடியை அறிந்து சன்னலுக்கு வந்துவிடும் என்று பேசப்பட்டது. ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் 1995-இல் நான்கு முறை சோதித்தார். திரும்பும் நேரத்தை எஜமானியும் வீட்டில் இருந்தவர்களும் முன்கூட்டி அறியாதபடி தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். நாய் பல தடவை சன்னலுக்குப் போனது. அவள் கிளம்பிய நேரத்தோடு அது பொருந்தவில்லை. மனத்தொடர்பு உண்டு என்று வாதிடும் ரூபர்ட் ஷெல்ட்ரேக் இந்த முடிவை ஏற்கவில்லை. அவள் திரும்பும் நேரத்தில் நாய் சன்னலருகே கூடுதலாக இருந்தது என்று தம் பதிவுகளைக் காட்டினார். எஜமானி வெளியே இருக்கும் நேரம் நீள நீள எந்த நாயும் வாசலுக்கு அடிக்கடி போகும் என்பது வைஸ்மன் தரப்பு. எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருக்கிறது.

இதைவிட முக்கியமானது ஒரு குதிரையின் கதை. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொன்னது. அதன் சொந்தக்காரர் ஃபான் ஓஸ்டன் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். காசுக்காகக் காட்டியவர் அல்லர், ஏமாற்றுக்காரரும் அல்லர். 1904-இல் ஓர் ஆய்வுக்குழு வந்து பார்த்தது, தந்திரம் எதையும் காணவில்லை. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் பொறுமையாக உட்கார்ந்து கவனித்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவர் கண்ணுக்குப் படாவிட்டாலும் தெரியவில்லை. நடந்தது இதுதான்: கேள்வி கேட்டதும் மனிதர் தலையை இம்மியளவு குனிகிறார், சரியான எண் வந்ததும் தம்மை அறியாமல் இம்மியளவு நிமிர்கிறார். அந்த அசைவைக் குதிரை பார்த்துக்கொண்டிருந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஃபுங்ஸ்டினால் தம் தலையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. நாம் அறியாத நம் அசைவை அறிகிற விலங்கைப் பார்த்து வியப்பதை விட்டுவிட்டு அதற்கு மந்திரசக்தி தேடுவது எனக்கு மிகப் பெரிய அவமரியாதையாகப் படுகிறது.

அதே அவமரியாதை உங்கள் அப்பாவுக்கும் நடக்கிறது. அதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மூக்கையூரிலிருந்து ஒரு பெரியவரோடு வல்லத்தில் போனேன். ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். பேசவில்லை. எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். அவர் காட்டிய பிறகுதான் தெரிந்தது, ஒரு பாய் அகலத்துக்கு நீரின் நிறம் சற்றே கறுத்திருந்தது. அதன்மேல் இரண்டு ஆலாக்கள் இறங்காமல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றன. தொலைவில் ஓங்கில்களின் முதுகு தெரிந்தது. “ஒரே போக்காகப் போனால் அவை வழிப்பயணம் போகின்றன. ஓரிடத்தில் சுற்றினால் அங்கே மீன் இருக்கிறது” என்றார். ஓங்கில்களோடு மனத்தால் பேசுவீர்களாமே என்று நானும் உங்கள் ஊர்க்காரர்களைப் போலக் கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. “நாற்பது வருடம் வெயிலில் கண் எரியப் பார்த்திருக்கிறேன். சக்தி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் நான் பட்ட பாடு எங்கே போயிற்று?” என்றார். அன்று நான் தலைகுனிந்தேன்.

பிரேசிலில் லகூனா என்ற கடலோர ஊரில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மீனவர்களும் ஓங்கில்களும் சேர்ந்து மடவை பிடிக்கிறார்கள். ஆம், நம் மடவை இனத்து மீன்தான். ஆட்கள் இடுப்பளவு கலங்கல் நீரில் வீச்சுவலையோடு காத்திருப்பார்கள். ஓங்கில்கள் மீன்கூட்டத்தைக் கரைப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு வந்து, திடீரென்று முதுகை வளைத்து அமிழும். அந்த அமிழ்தல்தான் குறி. அந்தக் குறிக்கு வலை வீசியவனுக்கு மீன் அதிகம் விழுகிறது. சிதறும் மீனைப் பிடிப்பது ஓங்கிலுக்கும் எளிதாகிறது. மேலே ட்ரோன் பறக்கவிட்டு, நீருக்கடியில் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, 2023-இல் இதை விரிவாக வெளியிட்டார்கள். மனிதனும் விலங்கும் பேசிக்கொள்வது இப்படி இருக்கிறது: முதுகு வளைகிறது, வலை பறக்கிறது. குறியைத் தவறாகப் படித்தவன் வெறும் வலையை இழுக்கிறான். உங்களிடம் பணம் கேட்பவருக்கோ வெறும் வலை என்பதே கிடையாது. எதைச் சொன்னாலும் உங்கள் அம்மா அதற்கு ஒரு பொருள் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறார்.

சுனாமியைக் கேட்டிருந்தீர்கள். 2004-இல் இலங்கையின் யாலா வனப்பகுதியில் யானைகள் முன்பே அறிந்து தப்பின என்று உலகமே பேசியது. அங்கே செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை மாட்டிய யானைகளின் நடமாட்டப் பதிவை ஆராய்ந்தபோது அப்படி முன்னறிந்து ஓடியதற்குச் சான்று இல்லை. காலடி அதிர்வையும், நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியையும் யானை உணர்கிறது என்பது உண்மை. அது புலன். அதற்குப் புகைப்படமும் கட்டணமும் தேவையில்லை.

நம்புவதில் என்ன தவறு என்கிறீர்கள். அம்மா ஓர் இரவு தூங்கினார் என்பதை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதலுக்கு அடுத்த வாரமே ஐயாயிரம் விலை வைத்திருக்கிறார்கள். அதற்கடுத்த வாரம் எவ்வளவோ. இதற்கிடையில் மணி பத்து நாளாகப் பட்டினி. அந்த மனிதர் தம் இரண்டாயிரம் ரூபாய்ப் பேச்சில் ஒருமுறையாவது, “டாக்டரிடம் காட்டினீர்களா?” என்று கேட்டாரா? உரையாடல் முழுவதும் தேடினேன். இல்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாய் துக்கப்படும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, வெவ்வேறு வாசனைகளைக் காட்டினார்கள். 2015-இல் வெளிவந்த அந்த ஆய்வில், பழகிய மனிதரின் வாசனைக்குத்தான், அவர் அந்த அறையில் இல்லாதபோதும், நாயின் மூளையில் இன்ப எதிர்பார்ப்போடு தொடர்புள்ள பகுதி மிகுதியாக இயங்கியது. அப்பாவின் சட்டை ஒன்றைத் துவைக்காமல் மணி படுக்கும் இடத்தில் போடுங்கள். அம்மாவுக்கும் அது வேண்டியிருக்கலாம், இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது, மணி சாப்பிடாதது பத்து நாளாகத்தான். இந்தக் கணக்கு எனக்கு உறுத்துகிறது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாயும் இப்படித்தான் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். இப்போதே மணியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வழக்கமான இளஞ்சிவப்பாக இருந்தாலும் நாளைக் காலை அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள், இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அந்த மனிதர் மிரட்டினாலோ தொடர்ந்து நச்சரித்தாலோ 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

மாலையில் அம்மாவைக் கூடையோடு வாசற்படிக்கு வரச் சொல்லி, பழையபடி இரண்டு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். மணி காதைத் தூக்கியதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.