வெளியே உட்காரும் பிள்ளைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தென்னாபிரிக்க ரக்பிப் பயிற்றுநர் ரஸ்ஸி எரஸ்மஸ் மாற்று வீரர்களைப் பயன்படுத்தும் விதம் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். நான் ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர். எங்கள் அணியில் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளே மாற்று வீரர்களாக வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவரை விமர்சித்துத் தடை வாங்கிய ஒருவரை அவர்களுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2021இல் பிரித்தானிய, ஐரிஷ் வீரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணியிடம் முதல் டெஸ்டில், அதாவது சர்வதேசப் போட்டியில், தென்னாபிரிக்கா தோற்ற பின்னர், நடுவரின் தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குறைகூறி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் காணொளி ஒன்றை எரஸ்மஸ் பதிவுசெய்தார். அது வெளியே பரவியது. இரண்டு மாதங்கள் எல்லா ரக்பிப் பணிகளிலிருந்தும், 2022 செப்டம்பர் முடியும்வரை போட்டி நாள் பணிகளிலிருந்தும் அவர் விலக்கப்பட்டார். அது அவருக்குக் கிடைக்கவேண்டிய தண்டனைதான். பிள்ளைகளிடம் அதை மறைக்கவும் வேண்டாம்.

ஆயினும் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 'வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்' என்ற சொல்தான். எரஸ்மஸ் 1997 முதல் 2001 வரை 36 டெஸ்ட்டுகள் ஆடியவர். இரு அணிகளின் முன்னணி வீரர்களும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் ஓரத்தில் தோள் கொடுக்கும் ஃபிளாங்கர். அறுபது நிமிடம் முட்டி மோதிய பிறகு முன்னணி வீரனின் கால்கள் என்ன ஆகும் என்பதை உடம்பால் அறிந்தவர். 2018இல் அவர் பொறுப்பேற்றபோது, முந்தைய ஆண்டு நியூசிலாந்திடம் 57-0 என்று தோற்றிருந்த அணியே அவர் கைக்கு வந்தது. 2019 உலகக் கிண்ணத்தில் எட்டு மாற்று வீரர்களில் ஆறு பேரை முன்னணி வீரர்களாக வைத்து, களைத்துப்போன எதிரணிக்கு முன்னால் அவர்களைக் கூட்டாக இறக்கினார். அவர்களுக்கு 'வெடிகுண்டுப் படை' என்று பெயரே விழுந்துவிட்டது. இறுதிப் போட்டியில் இங்கிலாந்து 32-12 என்று தோற்றது.

2023இல் தலைமைப் பயிற்றுநர் ஜாக் நீனாபர். எரஸ்மஸ் ரக்பி இயக்குநர். பாரிஸில் நடந்த இறுதிப் போட்டிக்கு இருவரும் ஏழு முன்னணி வீரர்களையும், பந்தோடு ஓடும் பின்னணி வீரர் ஒரேயொருவரையும் மாற்றாக வைத்தார்கள். சூதாட்டம் என்று பலரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஸ்க்ரம் முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கர் போங்கி ம்போனாம்பி காயத்துடன் வெளியேற, ஃபிளாங்கராகவும் ஆடுகின்ற, 37 வயதான டியோன் ஃபூரி உள்ளே வந்தார். வெளியே உட்கார்ந்திருந்த அந்த மனிதர்தான் ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் தாங்கினார். தென்னாபிரிக்கா 12-11 என வென்றது.

இதை உங்கள் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஓர் எச்சரிக்கையோடு சொல்லுங்கள். 2018இல் சியா கொலிசியை டெஸ்ட் அணியின் முதல் கறுப்பின அணித்தலைவராக நியமித்தவரும் எரஸ்மஸ்தான். ஸ்விடே என்ற ஏழைக் குடியிருப்பில் பிறந்த கொலிசியை வெளியே கொண்டுவந்ததோ, பன்னிரண்டு வயதில் கிரே ஆரம்பப் பாடசாலையில் கிடைத்த புலமைப்பரிசில். பயிற்றுநர் வந்தது மிகப் பின்னால். அந்தக் கதவு திறந்திராவிட்டால் எரஸ்மஸ் எத்தனை கூர்மையானவராயிருந்தும் கொலிசியைக் கண்டிருக்கவே மாட்டார்.

சிறுவயதில் ரதல்ல மைதானத்தின் மேட்டில், கொழுந்துச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, தோட்டத் துரைமார் 'ரகர்' என்ற ரக்பி ஆடுவதை நாங்கள் பார்த்ததுண்டு. பந்து வேலி தாண்டி வந்தால் எடுத்து எறிவதற்கு எங்களுக்குள் போட்டி நடக்கும். நாங்கள் மாற்று வீரர் வரிசையில்கூட இல்லை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் அந்த வேலியைத் தாண்டி வந்துவிட்டார்கள்; அது சிறிய விடயமில்லை, போதுமானதுமில்லை.

ஆகவே என்னிடம் நீங்கள் கேட்டது எடுத்துக்காட்டைப் பற்றியென்றாலும், நான் உங்களிடம் கேட்பது வேறொன்று. மாற்று வீரர் எந்த நிமிடத்தில், எந்த வேலைக்காக இறங்குவார் என்பதைப் போட்டிக்கு முன்னரே அவரிடம் சொல்கிறீர்களா? பயிற்சியில் முதல் பதினைந்து பேருக்குக் கிடைக்கும் ஸ்க்ரம் எண்ணிக்கை அவர்களுக்கும் கிடைக்கிறதா? ஒவ்வொரு முறையும் தோட்டத்துப் பிள்ளைகளே அங்கே உட்காருவதற்குக் காரணம் ஆட்டத் திறனா, மாலைப் பயிற்சி முடிந்து லயத்துக்குத் திரும்ப பஸ் இல்லாததா? பின்னதாயிருந்தால், எரஸ்மஸை விட்டுவிட்டு அந்த பஸ்ஸைப் பற்றி அதிபரிடம் பேசுங்கள்.